நாலரை வயதுப் பையனுக்கு வீட்டில் என்ன தெரபி செய்யலாம்?

கேள்வி இதுதான்: மகனுக்கு நாலரை வயது. இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான், அதற்கு மேல் வரவில்லை. சாதம் கையில் பட்டால் அழுகிறான், ஸ்பூனால் ஊட்டினால்தான் சாப்பாடு. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடிக்கிறான், ‘அ’ எழுத வரவில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். தெரபி மையம் தூரம், வாரம் ஒரு முறைதான் கூட்டிப் போக முடிகிறது. மீதி ஆறு நாளும் வீட்டில் என்ன செய்வது? ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு ‘சென்சரி கிட்’ (புலன் பயிற்சிப் பொருள்கள் உள்ள பெட்டி) விற்கிறார்கள், வாங்கலாமா?

கிட் வேண்டாம். அந்தப் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் உங்கள் சமையலறையில் மாற்று இருக்கிறது. அதைவிட முக்கியம், எந்தப் பொருள் என்பதல்ல, எந்த அளவில் கொடுக்கிறோம் என்பதுதான் பிள்ளையை நகர்த்துகிறது. ஒரே துணிக் கிளிப் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு, இன்னொரு பிள்ளைக்குத் தண்டனை. தெரபிஸ்ட் செய்யும் வேலையில் பாதி, ஒரு செயலை அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு படி ஏற்றுவதும் ஒரு படி இறக்குவதும்தான். அதைப் பெற்றோர் கற்றுக்கொள்ள முடியும்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளைக்கும் காது பரிசோதனை செய்யாமல் வேறு எதையும் தொடங்கக்கூடாது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் கூப்பிட்டால் திரும்புவார்கள். கண் பரிசோதனையும் அப்படித்தான். இரண்டும் ஏற்கெனவே முடிந்திருந்தால் மேலே படியுங்கள், இல்லையென்றால் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்

எந்தச் செயலாக இருந்தாலும் பத்து முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். பத்தும் சரியாக வந்தால் அது அவனுக்கு எளிது, அதில் அவன் எதையும் கற்கவில்லை. பாதிகூட வரவில்லையென்றால் கடினம், நாளைக்கு அதைப் பார்த்ததுமே ஓடுவான். ஏழெட்டு முறை வந்து இரண்டு மூன்று முறை தவறினால் அதுதான் சரியான அளவு. ஏற்றும்போது ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மணி கோக்கிறான் என்றால், மணியைச் சிறிதாக்கலாம் அல்லது நூலை மெல்லியதாக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் முடியவில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

உதவியையும் அப்படியே படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் அவன் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்துச் செய்யுங்கள். மேலே வைத்து அழுத்தினால் தொடுவதையே வெறுக்கும் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். அடுத்து மணிக்கட்டை மட்டும் தாங்குங்கள், பிறகு முழங்கையை, பிறகு விரலால் காட்டுங்கள், கடைசியில் பார்வை மட்டும். பெரும்பாலான வீடுகளில் முதல் படியிலேயே ஆறு மாதம் நின்றுவிடுகிறார்கள், பிள்ளையும் அம்மாவின் கை வரும்வரை காத்திருக்கப் பழகிவிடுகிறது.

உட்கார மாட்டேன் என்பவனுக்கு முதலில் உடம்பு வேலை

ஐம்புலன் என்று நாம் சொல்வது போக இன்னும் இரண்டு உணர்வுகள் பிள்ளைகளின் அசைவை ஆள்கின்றன. ஒன்று, உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று அது சொல்லும். இன்னொன்று, தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது இதனால்தான். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவராக, இருந்த ஏ. ஜீன் ஏர்ஸ் 1970-களில் இவற்றைத் தொடு உணர்வோடு சேர்த்து எழுதிய பிறகுதான் ‘சென்சரி இன்டகிரேஷன்’ (புலன் ஒருங்கிணைப்பு) என்ற சொல் பரவியது. உங்கள் மகன் ஓடிக்கொண்டே இருப்பதற்குக் குறும்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை. தசைக்கு வேண்டிய உணர்வை அவனே தேடிக்கொண்டிருக்கலாம். அதை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு வரும் பத்து நிமிடம் பல பிள்ளைகளிடம் அமைதியாக இருக்கும்.

கொடுப்பது கனமான வேலையாக இருக்கட்டும். அரை வாளித் தண்ணீரைத் தரையில் தள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் வரை போகட்டும். பருப்பு டப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வரட்டும். பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போட்டு இரண்டு கையாலும் தூக்கலாம். 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஈரத் துண்டைப் பிழியலாம், சுவரை ‘தள்ளி நகர்த்து பார்ப்போம்’ என்று பத்து எண்ணும்வரை தள்ளலாம். கரடி மாதிரி கை கால் ஊன்றி நடப்பதும் தவளைப் பாய்ச்சலும் இதில் சேரும்.

வண்டி நடை எல்லோரும் செய்வது, ஆனால் பெரும்பாலும் தவறாகச் செய்வது. பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிக் கையால் நடக்க விடுகிறார்கள். வயிறு தொங்கி இடுப்பு வளைந்துவிடும், தோளுக்குப் போக வேண்டிய வேலை முதுகுக்குப் போகும். தொடையைப் பிடியுங்கள், முடியவில்லையென்றால் இடுப்பையே பிடியுங்கள். ஐந்தாறு அடி நடந்தால் போதும். முதுகு நேராக நின்றால் அடுத்த வாரம் பிடியை முழங்காலுக்கு இறக்கலாம்.

சேலைத் தூளி பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் தூளி, ஊஞ்சல் எல்லாம் இருக்கவே செய்கின்றன. முன்னும் பின்னும் மெதுவாக ஒரே தாளத்தில் ஆட்டினால் பிள்ளை அடங்கும். வேகமாகச் சுற்றிவிட்டால் சில பிள்ளைகள் கட்டுக்கடங்காமல் போகும், சிலருக்கு வாந்தி வரும். முகம் வெளுப்பது, வியர்ப்பது, திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். விளைவு சில நேரம் அரை மணி கழித்துத்தான் தெரியும், ஆகவே முதல் முறை இரண்டு நிமிடம் போதும். பழைய சேலை இற்றுப்போயிருக்கும், இரு கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரம், கீழே மெத்தை. ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது, துணி கழுத்தில் சுற்றும் ஆபத்து பெரிய பிள்ளைகளுக்கும் உண்டு. வலிப்பு வந்த பிள்ளைக்குச் சுற்றுவது, ஊஞ்சல் எதுவுமே டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கக்கூடும், அதனால் குட்டிக்கரணமும் டிராம்போலினும் டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

பாயில் சுருட்டி உருட்டும் விளையாட்டு நல்லது, தலையும் முகமும் வெளியே இருக்க வேண்டும். ‘போதும்’ என்று அவன் சொன்னதும் அல்லது கையசைத்ததும் நிறுத்த வேண்டும். அந்த ‘போதும்’ அவனுக்கு ஒரு சொல்லையும் கற்றுக்கொடுக்கிறது.

சாதம் தொட மாட்டேன் என்பது

இதில்தான் வீட்டில் அதிகம் சண்டை நடக்கிறது. கையைப் பிடித்துத் தயிர் சாதத்துக்குள் அழுத்தினால் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழகாது. தொடு உணர்வு கூடுதலாக இருக்கும் பிள்ளைக்குப் பிசுபிசுப்பு என்பது நமக்குத் தேள் கையில் ஊர்வது போல. வற்புறுத்தினால் சாப்பாட்டின் மேலேயே பயம் வந்துவிடும். ஆகவே முதல் விதி, பழக்கும் நேரம் சாப்பாட்டு நேரமாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, லேசாகத் தொடுவது இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூச வைக்கும், அழுத்தமாகத் தொடுவது அமைதிப்படுத்தும். ஆரம்பிக்கும் முன் அவன் இரண்டு உள்ளங்கையையும் உங்கள் உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துப் பத்து முறை நிதானமாக அழுத்துங்கள். விரல் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனி வரை பிடித்து விடுங்கள்.

பிறகு காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கு, ஈரத்திலிருந்து பிசுபிசுப்புக்கு. தரையில் பழைய பெட்ஷீட் விரித்து, அகலமான பேசினில் இரண்டு கிலோ அரிசி கொட்டுங்கள், ரேஷன் அரிசி போதும். அவனுக்குப் பிடித்த கார், கரண்டி, பெரிய மூடி என ஐந்து பொருளைப் பாதி வெளியே தெரியும்படி புதையுங்கள். முதலில் கரண்டியால் தோண்டட்டும், கை படவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அவனே ஒரு விரலை விடுவான். அது நடந்த பிறகு பொருளை முழுதாகப் புதையுங்கள். அரிசி அலுத்தால் கேழ்வரகு, அதன் பிறகு ஈர மணல், பிறகு சப்பாத்தி மாவு, பிறகு வேகவைத்து ஆறிய சேமியா, கடைசியில் தயிர் சாதம். ஒவ்வொரு படிக்கும் ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகலாம். சப்பாத்தி மாவில் நின்றுவிட்டால் நிற்கட்டும், பின்னால் ஒரு படி போய் மறுபடி வாருங்கள்.

பக்கத்தில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு இருக்கட்டும். கையில் ஒட்டியதும் துடைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரிந்தால் தொடத் துணிவு வரும். ‘துடைக்காதே, இன்னும் கொஞ்சம்’ என்று தடுப்பவர்கள் இந்தத் துணிவைக் கெடுக்கிறார்கள்.

வாயில் போடும் பழக்கம் இன்னும் இருந்தால் அரிசி, பயறு, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம், சேமியாவிலிருந்தும் மாவிலிருந்தும் தொடங்குங்கள். கடலை, கொண்டைக்கடலை மூக்கிலோ காதிலோ போனால் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும், எடுப்பது சிரமம். தங்கை, தம்பி தவழ்கிற வயதில் இருந்தால் அவர்களையும் கணக்கில் வையுங்கள். பொம்மையிலிருந்து கழன்று விழும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக் குழாயை அரித்துவிடும், சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்றால் போடும் முன் சொல்லுங்கள், சுவிட்சை அவனே போடட்டும். எதிர்பார்த்த சத்தம் பாதி சத்தம்தான்.

கை வேலை

பென்சில் பிடிப்பது விரலில் தொடங்குவதில்லை. முதுகு நிமிர்ந்து, தோள் அசையாமல் நின்று, மணிக்கட்டு சற்று மேல்நோக்கி மடிந்தால்தான் விரல்கள் தனித்தனியாக வேலை செய்யும். அதனால்தான் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிப் பசில் போடுவதையும், சுவரில் எழுதுவதையும் தெரபிஸ்டுகள் சொல்கிறார்கள். மூன்று அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்றும் அரைக் குவளைத் தண்ணீரும் கொடுத்து, வெயில் படும் சுவருக்கு ‘பெயின்ட்’ அடிக்கச் சொல்லுங்கள். கண் உயரத்துக்கு மேல் அடிக்க வேண்டும், அப்போதுதான் மணிக்கட்டு தானாக மேல்நோக்கி மடியும். காய்ந்ததும் மறுபடி அடிக்கலாம், தண்ணீர் செலவு மட்டும்தான்.

மேசையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள். கால் தொங்கினால் பழைய செய்தித்தாள் கட்டை அடியில் வையுங்கள். இந்த ஒன்றிலேயே பல பிள்ளைகளின் ஆட்டம் பாதியாகக் குறையும்.

விரல் வலுவுக்கு உப்பு மாவு: இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய், முக்கால் கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் மைதா தூவுங்கள், வெடித்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மஞ்சள் தூள் போட்டால் நிறம் கிடைக்கும். மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உப்பு அதிகம் என்பதால் தின்கிற பிள்ளைக்கு இது கூடாது, அவனுக்குச் சப்பாத்தி மாவே சரி. முதலில் உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிப் பாம்பு. பிறகு கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றால் மட்டும் கிள்ளிச் சீடை உருண்டை. முறுக்கு அச்சில் போட்டு அழுத்தச் சொன்னால் தோள் வரை வேலை செய்யும், ஆனால் மாவு தளர்வாக இருக்க வேண்டும். உங்களுக்கே அழுத்தக் கஷ்டமான மாவை அவனிடம் கொடுத்தால் மூச்சைப் பிடித்து உடம்பால் அழுத்துவான், விரலுக்கு ஒன்றும் கிடைக்காது.

துணிக் கிளிப்பிலும் அதே சிக்கல். புதுக் கிளிப்பின் ஸ்பிரிங் நாலு வயதுக்கு இறுக்கம். அப்போது பிள்ளை கட்டை விரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து, சாவி பிடிப்பது போல அழுத்தும். நமக்கு வேண்டியது விரல் நுனிகளின் சதை ஒன்றையொன்று பார்க்கும் பிடி. சாவிப் பிடி வந்தால் கிளிப் கடினம் என்று அர்த்தம், பழைய தளர்ந்த கிளிப்பை எடுங்கள். வாளியின் விளிம்பில் பத்து கிளிப் மாட்டுவதில் ஆரம்பித்து, கைக்குட்டையைக் கொடியில் மாட்டுவது வரை போகலாம்.

பென்சிலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கிரேயானை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க அதில் இடமே இல்லை, விரல் நுனி தானாக வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் நீட்டிக்கொண்டே இருந்தால், அந்த இரண்டுக்கும் உள்ளே சுருட்டிய காகித உருண்டையை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கும் ரப்பர் கிரிப்பைவிட இது நன்றாக வேலை செய்யும். பிடியைச் சரிசெய்கிறேன் என்று நிமிடத்துக்கு ஒரு முறை விரலை எடுத்து வைப்பதால் பயனில்லை.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பார்த்து வரைவதில் ஒரு வரிசை இருக்கிறது. வட்டம் மூன்று வயதை ஒட்டி வரும், கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்துக்கு மேல். ‘அ’வைப் பாருங்கள்: சுழி, வளைவு, திசை திரும்பல், கடைசியில் நேர்க்கோடு. கூட்டல் குறியே வராத பிள்ளையிடம் அதை எழுதச் சொல்வது நியாயமில்லை. ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்று கோடு. அவற்றிலிருந்து தொடங்கலாமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். ‘ப’ வந்தால் ‘ம’வுக்கு ஒரு வளைவுதான் பாக்கி.

கோலப்பொடி இதற்கு அருமையான கருவி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடியை எடுத்துக் கோடாக விட, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பழக வேண்டும், பென்சிலுக்கு வேண்டியதும் அதுதான். நைசான அரிசி மாவு கட்டிகட்டியாக விழும், சற்று நறநறப்பான பொடி எளிது. முதலில் புள்ளி வைப்பது மட்டும். பிறகு ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளியை இணைப்பது, பிறகு நாலு புள்ளியில் சதுரம். காற்றடிக்கும்போது வேண்டாம், பொடி கண்ணில் விழும்.

கத்தரிக்கோலில் நேராகக் கோட்டின் மேல் வெட்டச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக்கிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டு விழும், அந்த ‘டக்’ அவனுக்குப் பிடிக்கும். மெல்லிய தாள் மடங்கிக் கத்திக்குள் சிக்கும், கெட்டி அட்டைதான் எளிது. கட்டை விரல் மேல்பக்கம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, கட்டை விரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள், வெட்டும்போது பொட்டு அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடது கையை விரும்பினால் இடது கையே. மாற்ற முயல வேண்டாம்.

சட்டைப் பட்டனைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். பட்டனைத் துளையில் நீங்களே பாதி நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவனுக்கு விடுங்கள். அது வந்ததும் கால்வாசி நுழைத்துக் கொடுங்கள். வேலை முடிந்த திருப்தி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைக்கும். முதலில் அப்பா சட்டையைப் பாயில் விரித்துப் பழகட்டும், தன் மார்பில் இருக்கும் பட்டனைக் குனிந்து பார்த்துப் போடுவது அதைவிடக் கடினம்.

பல்லாங்குழியில் உடம்பு, கை, யோசனை மூன்றும் சேர்கிறது

ஒரே ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் பல்லாங்குழி வாங்குங்கள். ஏழேழாகப் பதினாலு குழி. ஆட்டமாக ஆடுவது பிறகு, இப்போதைக்கு அவன் பக்கத்து ஏழு குழியிலும் ஒவ்வொரு சோழி போடட்டும். சொல்லும் எண்ணும் போடும் சோழியும் ஒன்றாக வர வேண்டும். வாய் ‘அஞ்சு’க்குப் போய்விட்டது, கை மூன்றாவது குழியில் நிற்கிறது என்றால் எண்ணுவதை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ‘போடு’ என்று மட்டும் சொல்லுங்கள்.

பலகையின் நடு அவன் தொப்புளுக்கு நேராக இருக்கட்டும். இடக்கோடியிலிருந்து வலது கையால் போடச் சொல்லிவிட்டு நாலாவது குழியருகே கவனியுங்கள். இடப்பக்கக் குழிகளுக்கு இடது கை, நடுவைத் தாண்டியதும் வலது கை என்று மாற்றுகிறானா, அல்லது உடம்பையே நகர்த்துகிறானா? அப்படியென்றால் கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டப் பழகவில்லை. எழுதும்போது தாளின் நடுவில் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம். மற்றொரு கையில் சோழிக் கிண்ணத்தைப் பிடிக்கக் கொடுத்தால் கை மாற்ற முடியாது, மெல்லப் பழகும்.

அதன் பிறகு இரண்டு இரண்டாகப் போடுவது. பிறகு கை நிறைய எடுத்து, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து விடுவது, இது விரலுக்கு உயர்ந்த பயிற்சி. பிறகு ‘உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை’ என்று காத்திருப்பது. ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைத்திருப்பார்கள், சிவப்பில் கறுப்புக் கண் உள்ள விதை. அது கடும் விஷம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. எடுத்து எறிந்துவிட்டுச் சோழியோ புளியங்கொட்டையோ வையுங்கள்.

யோசிக்கிற வேலை

‘இது என்ன கலர்? இது என்ன?’ என்று நாள் முழுக்கக் கேட்பது சோதனை, அதில் கற்பித்தல் இல்லை. வரிசை இப்படி: முதலில் ஒன்றுபோல் இருப்பதைச் சேர்ப்பது, பிறகு சொன்னதை எடுப்பது, கடைசியில்தான் பெயர் சொல்வது. கழுவிய பாத்திரத்தில் ஸ்பூன் ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நிறம் என்றால் நிறம் மட்டுமே வேறாக இருக்கட்டும்: ஒரே மாதிரி மூடிகளில் சிவப்பு, நீலம் இரண்டு மட்டும். நாலு நிறத்தைக் கொட்டினால் ஊகிக்க ஆரம்பிப்பான்.

ஞாபகத்துக்கு, மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் பிஸ்கட் வைத்து, ஐந்து எண்ணிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து கடை விளையாட்டு, ‘ஒரு வெங்காயம் கொண்டா’ என்பதிலிருந்து ‘ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி’ வரை. ஒரு முறை சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றாவது நொடியில் திரும்பச் சொன்னால், யோசித்துக்கொண்டிருந்தவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காத்திருப்பது பெற்றோருக்குத்தான் மிகக் கடினமான பயிற்சி.

பேச்சுக்கு, நிறப் பெயரைவிட வினைச்சொல் உதவும்: போடு, எடு, ஊற்று, திற, தள்ளு, போதும், இன்னும். அவன் ‘தண்ணி’ என்றால் நீங்கள் ‘தண்ணி ஊத்து’ என்று ஒரு சொல் மட்டும் கூட்டிச் சொல்லுங்கள். பாட்டு நின்றதும் சிலையாக நிற்பதும், பாண்டியில் மூன்று கட்டத்தை இரண்டு காலால் குதிப்பதும் ‘நில்’ என்று மூளைக்குச் சொல்லப் பழக்கும். ஒற்றைக் காலில் நொண்டுவது அப்புறம். நாலு வயதில் நாலைந்து நொடி ஒற்றைக் காலில் நின்றாலே போதும்.

எவ்வளவு நேரம்

காலையில் பள்ளிக்கு முன் பத்து நிமிடம் கனமான வேலை. மாலையில் ஐந்து நிமிடம் உடம்பு வேலை, பத்து நிமிடம் கை வேலை, ஐந்து நிமிடம் யோசிக்கிற வேலை, அந்த வரிசையில். மீதி எல்லாம் வீட்டு வேலையோடு: பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, துணி மடிப்பது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் மூன்றாம் நாள் இருவருக்கும் வெறுத்துவிடும். முடிந்ததும் பரிசாக மொபைலில் வீடியோ காட்டாதீர்கள், வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய தொல்லையாக அது மாற்றிவிடும். இந்த வயதுக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

தினம் ஒரு புதுச் செயல் தேட வேண்டாம், ஒரே செயல் இரண்டு வாரம் ஓடட்டும். எல்லாப் பொருளையும் கண்ணெதிரே பரப்பாதீர்கள், ஒன்றை எடுத்தால் அதை முடித்து டப்பாவில் வைத்த பிறகுதான் அடுத்தது. ‘முடிஞ்சது’ என்று மூடி போடுவது அவன் வேலை.

வீடியோ பார்த்து உடம்பில் பிரஷ் தேய்ப்பது, எடை வைத்த கோட்டு மாட்டுவது, இரவில் போர்த்தும் போர்வையில் மணல் மூட்டை தைப்பது, இவற்றை நீங்களாகச் செய்ய வேண்டாம். இன்னொன்று, அரிசியில் விளையாடுவதால் மட்டும் எழுத்து வந்துவிடாது. புலன் விளையாட்டு அவனைத் தயார் செய்யும், அவ்வளவுதான். கையால் சாப்பிடக் கையால் சாப்பிட்டுப் பழக வேண்டும், பட்டன் போடப் பட்டனில் பழக வேண்டும்.

ஏற்கெனவே வந்த பேச்சோ நடையோ குறைந்தால், ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்தினால், வெறித்துப் பார்த்து சில நொடி உறைந்தால் அது வீட்டுப் பயிற்சிக்குரிய விஷயமில்லை, உடனே டாக்டரிடம் போங்கள். தூரம்தான் தடை என்றால் உங்கள் மாவட்டத்தின் டி.இ.ஐ.சி. மையத்தைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையம் அது, கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்தால் சொல்வார்கள். சென்னைக்குப் போக முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், நிப்மெட், இருக்கிறது.

இந்த வாரம் மூன்றே மூன்று: காலையில் வாளி தள்ளுவது, மாலையில் அரிசிப் பேசினில் கரண்டியால் தோண்டுவது, அதன் பிறகு உடைத்த கிரேயானால் சுவரில் ஒட்டிய காகிதத்தில் கிறுக்குவது. ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி: என்ன செய்தான், பத்தில் எத்தனை, எவ்வளவு உதவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிட வீடியோ எடுங்கள், முகத்தை எடுக்காமல் கையையும் உட்காரும் விதத்தையும். அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது நோட்டையும் வீடியோவையும் காட்டி, எதை ஒரு படி ஏற்றலாம் என்று கேளுங்கள்.